பட்டாளத்துக் கரண்டியும் சிவிலியன் நாக்கும்

பத்தியச் சோறு ஆக்குகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: சாப்பிட்டவர் யாரும் இன்னொரு கரண்டி கேட்டு வரமாட்டார்.

ஆர்மி ஆஸ்பத்திரி குசினியில் அந்தச் சோற்றை நான் இருபது வருஷத்துக்கு மேல் ஆக்கினேன். எனக்கு மேலே டயட்டிஷியனாக மேஜர் தவமலர் இருந்தார். இந்தக் கட்டிலுக்கு உப்பு வேண்டாம், அந்தக் கட்டிலுக்குச் சீனி வேண்டாம், மூலையில் இருப்பவருக்கு எல்லாவற்றையும் அரைத்துக் கொடு என்று அவர் சொல்லுவார். நான் விறைப்பாக நின்று சரி என்பேன், பிறகு போய் அரைப்பேன். அவர் யூனிவர்சிட்டி போனவர். நான் மூன்றாம் பாரம் வரை போனவன், அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியே நின்றவன். அவர் கேப்டனாக வந்து மேஜர் ஆனார். நான் கோப்ரல் ஆனேன், கோப்ரலாகவே வெளியே வந்தேன். சார்ஜன்ட் ஆக்குகிற மூன்றாவது பட்டை எனக்கு ஏன் வரவில்லை என்று யாரும் சொன்னதில்லை. மேஜர்தான் காரணம் என்று நான் முடிவு செய்து வைத்திருக்கிறேன். அதை மாற்றிக்கொள்ளும்படி இதுவரை ஒன்றும் நடக்கவில்லை.

உடுப்பைக் கழற்றிவிட்டு வெளியே வேலை தேடியவர்களுக்கும், அப்படிப்பட்ட புருஷனை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்கும் இதில் எதுவும் புதிதாக இருக்காது. உங்களுக்கு மட்டும் நடக்கவில்லை என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

வீட்டில் இன்ஸ்பெக்‌ஷன்

வெளியே வந்த முதல் வாரம் நான் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வாரம் குசினிக்குள் போனேன். டின்களின் பெயர் எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தேன். கத்திகளை உயரம் பார்த்து அடுக்கினேன். நெத்திலி சம்பாலை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, இந்த உப்பில் ஒரு வார்டையே படுக்க வைக்கலாம் என்று என் மனைவி சரோஜாவிடம் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. பட்டாளத்தில் பதில் பேசாவிட்டால் ஒத்துக்கொண்டார்கள் என்று அர்த்தம். வீட்டில் அப்படி இல்லை என்பதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

மறுநாள் அவள் கீரை கிள்ளும்போது தண்டின் நீளம் சரியில்லை என்று நான் சொல்லிவிட்டேன். அவள் கீரையை அப்படியே என் மடியில் வைத்துவிட்டு, அறைக்குள் போய் ஒரு பேக்கில் சேலைகளை மடித்து வைக்க ஆரம்பித்தாள். மடிப்பு ஒவ்வொன்றும் அவ்வளவு நேராக இருந்தது. நான் வாசலில் நின்று பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பாமலேயே சொன்னாள்:

"இத்தன வருஷம் நீங்க கேம்ப்ல, நான் குசினியில, நல்லாதான் இருந்தோம். தீபாவளிக்குள்ள பகல் சாப்பாட்டு நேரத்துல உங்களுக்கு வெளிய ஒரு வேல இருக்கணும், அதுவும் நிரந்தரமா. இல்லன்னா நான் அம்பாங்ல மக வீட்டுக்குப் போய்டுவேன். நீங்க இங்க டின்னத் திருப்பிக்கிட்டு இருங்க."

பேஷண்டின் சார்ஜன்ட்

சரோஜா போய்விட்டால் நான் சமைத்ததை நானே சாப்பிட வேண்டியிருக்கும். அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. அதனால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு கிள்ளானில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு இன்டர்வியூவுக்குப் போனேன். என் மகளைவிடச் சின்ன வயதுப் பெண் ஒருத்தி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அங்கிள், நீங்க டயட்டிஷியனா, குக்கா?" என்று கேட்டாள். டயட்டிஷியன் சொன்னதைச் செய்கிறவன் என்றேன். அவள் கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு கட்டம் தேடினாள், கிடைக்கவில்லை. பிறகு, பேஷண்ட் சாப்பாடு பிடிக்கவில்லை என்று கோபப்பட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். எனக்குக் கேள்வியே விளங்கவில்லை. எங்கள் வார்டில் பிடிக்கவில்லை என்று சொல்லும் வழக்கமே இல்லை. பாதிப் பேர் படுத்துக்கொண்டே விறைப்பாக இருப்பார்கள். இருந்தாலும் உண்மையைச் சொன்னேன்: "அவரோட சார்ஜன்ட்கிட்ட ரிப்போர்ட் பண்ணிடுவேன்மா."

அவள் நல்ல பெண். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டாள்.

"அங்கிள், இங்க பேஷண்டுக்கு சார்ஜன்ட் இல்ல. இன்சூரன்ஸ்தான் இருக்கு."

கணுக்கால் பார்த்துப் பரிமாறியது

பிறகு பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு வாழையிலைக் கடையில் சேர்ந்தேன். சோற்று வாளியையும் ஊறுகாய்த் தட்டையும் தூக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போகிற வேலை. வாளியைப் பிடிக்கப் படிப்பு தேவையில்லை என்பதால் இது நிலைக்கும் என்று சரோஜாவும் நம்பினாள்.

ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டிருந்தது. தட்டு கொடுக்கும்போது ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டேன், காலைப் பார்ப்பேன். கணுக்கால் வீங்கியிருந்தால் உப்பைக் குறைக்கச் சொல்லி மேலேயிருந்து உத்தரவு வரும், அதற்கு முன்பே நான் தயாராக இருப்பேன். கடையிலும் கண் தானாகவே அங்கே போனது. மேசைக்குக் கீழே எட்டிப் பார்ப்பேன். வீக்கம் தெரிந்தால் ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றும் அந்த இலைக்குக் கிடையாது. ஒரு லோரி டிரைவர் வாராவாரம் வருவார். நல்ல கனத்த உடம்பு, காலில் சாக்ஸ் வைத்த பள்ளம் அப்படியே நிற்கும்.

"அண்ணே, ஊறுகா?" என்றார்.

"உங்களுக்கு வேணாம்."

"ஏன், தீந்துடுச்சா?"

"இருக்கு. உங்களுக்கு வேணாம்."

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். நாலாவது வாரம் காசு கட்டுகிற இடத்துக்குப் போய் முதலாளியிடம், நான் பக்கத்தில் நிற்பதைப் பற்றிக் கவலைப்படாமல், சொன்னார்:

"பாஸ், எல்லாக் கடையிலயும் மூஞ்சியப் பாத்துச் சோறு போடுவாங்க. உங்க ஆளு கணுக்காலப் பாத்துப் போடறாரு. அடுத்த தடவ நான் பூட்ஸ் மாட்டிக்கிட்டு வரணுமா?"

யார் டியூட்டி ஆபிசர்

பட்டாளத்தில் ஒரு சட்டம். எந்தச் சாப்பாடாக இருந்தாலும் டியூட்டி ஆபிசர் வந்து ஒரு தட்டு சாப்பிட்டு, சரி என்று சொல்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது. எத்தனை பேர் பசியோடு வரிசையில் நின்றாலும் கூடாது. சாப்பாடு கெட்டிருந்தால் முதலில் படுக்கிறவர் ஆபிசராக இருக்க வேண்டும். நான் பார்த்த சட்டங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

வாழையிலைக் கடை வேலை போன பிறகு, கிள்ளானில் கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் செல்வி அக்கா என்னைச் சேர்த்துக்கொண்டார். முதல் கல்யாணம். தாலி கட்டி முடிந்தது, பகல் சாப்பாடு தயார். அக்கா பாயசத்தை இறக்க லோரிக்குப் போனார், என்னைச் சாப்பாட்டு மேசைக்குப் பொறுப்பாக விட்டார். ஜனம் தட்டை எடுத்துக்கொண்டு வரிசை கட்டிவிட்டது. நான் மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு, இங்கே பொறுப்பானவர் யார், வந்து ருசி பார்க்க வேண்டும் என்றேன். பெண்ணின் அப்பாவைக் கூட்டிவந்தார்கள். அவர் பின்வாங்கினார். "மாப்பிள்ள வீட்டுக்காரங்க கை நனைக்காம நான் எப்படிங்க வாய வைக்கிறது?" மாப்பிள்ளையின் பெரியப்பாவிடம் தட்டை நீட்டினேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "பொண்ணு வீட்டுச் சாப்பாட்ட சோதிச்சுப் பாத்துட்டுத்தான் சாப்பிட்டோம்னு நாளைக்குப் பேச்சு வரும். அவங்களே வைக்கட்டும்."

தட்டு இந்தப் பக்கம் போனது, அந்தப் பக்கம் போனது. மரியாதையாக ஆரம்பித்த பேச்சில் கொஞ்சம் கொஞ்சமாக மரியாதை குறைந்துகொண்டே வந்தது. போன வருஷம் பரிசம் போட்டபோது யார் யாரை எப்படி வரவேற்றார்கள் என்கிற அளவுக்கு விஷயம் பின்னால் போய்விட்டது. வரிசை வாசலைத் தாண்டியது. ஒரு முடிவு எடுத்தேன். தட்டில் சோறும் சாம்பாரும் வைத்துக்கொண்டு மேடையில் ஏறினேன். மாலையும் கழுத்துமாகப் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளையிடம், "சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க தம்பி" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. வாயைத் திறந்தார், மூன்று கரண்டி ஊட்டினேன், மென்று விழுங்கி, "ஓகே அங்கிள்" என்றார். மேடையிலிருந்தே கீழே இருந்தவர்களுக்குக் கையைக் காட்டி மூடிகளைத் திறக்கச் சொன்னேன்.

செல்வி அக்கா அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. ஆனால் நான் இறங்கும்போது கல்யாணப் பெண் மெதுவாகக் கூப்பிட்டுச் சொன்னதை அவர் கேட்டிருந்தால் கூப்பிட்டிருப்பார்:

"அங்கிள், இவரு யார் சொன்னாலும் ஏன்னு கேக்காம செய்வாருன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சது. ரொம்ப தேங்க்ஸ்."

தண்டனைக்கு மாதச் சந்தா

பூச்சோங்கில் டினேஷ் என்று ஓர் இளைஞர். கை ரெண்டும் தொடை மாதிரி இருக்கும். ஆபீஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு டப்பாவில் டயட் சாப்பாடு அனுப்புகிற தொழில் வைத்திருந்தார். என் கதையைக் கேட்டதும் கண் மின்னியது. நான் ஆஸ்பத்திரியில் ஆக்கியதையே ஆக்கச் சொன்னார்: அவித்த கோழி நெஞ்சு, உப்பில்லாத புரோக்கோலி, ஒரு பிடி சிவப்பரிசி. அதற்கு 'ஆர்மி டயட்' என்று பெயர் வைத்து, என் பழைய உடுப்புப் போட்டோவையும் போஸ்டரில் போட்டு இன்டர்நெட்டில் விட்டார். ஜனம் மாதச் சந்தா கட்டி வாங்கியது. பட்டாளத்தில் இதே கோழியைத் தட்டில் வைத்தால் சிப்பாய்கள் என் அம்மாவை விசாரிப்பார்கள். இங்கே நன்றி சொல்லிப் படம் எடுத்துப் போட்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. சரோஜா அந்த பேக்கிலிருந்து ஒரு சேலையை வெளியே எடுத்து உடுத்திக்கொண்டாள். அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

ஒருநாள் டப்பா எடுக்க நேரில் வந்த ஒருவர் போஸ்டரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். தொப்பை போட்டிருந்தாலும் நிற்கிற விதத்தில் ஆள் அஸ்கார், பட்டாளத்துக்காரர் என்று தெரிந்தது. கால் உடைந்து எங்கள் வார்டில் கிடந்தவராம். டப்பாவைத் திறந்து மோந்து பார்த்தார், மூடினார்.

"கோப்ரல், ஓசியில கொடுத்தப்பவே நான் ஜன்னல் வழியா எறிஞ்ச கோழி இது. இப்ப என் பெண்டாட்டி இதுக்கு மாசாமாசம் கட்டறா."

மேஜர் போஸ்டரைப் பார்த்தது

அந்தப் போஸ்டரில் டினேஷ் என் பெயருக்குக் கீழே 'முன்னாள் ராணுவ டயட்டிஷியன்' என்று போட்டிருந்தார். நான் பார்த்தேன். திருத்தச் சொல்லவில்லை. யூனிவர்சிட்டி போகாமல் பட்டம் வருவதை யார் திருப்பிக் கொடுப்பார்கள், நீங்களே சொல்லுங்கள்.

மேஜர் தவமலரும் அதே வருஷம் ஓய்வு பெற்று, கிளினிக், முதியோர் இல்லம் என்று வெளியே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ அவரிடம் போஸ்டரைக் காட்டியிருக்கிறார்கள். நேராகப் பூச்சோங்குக்கே காரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். உடுப்பு இல்லாமல் சுரிதாரில் பார்த்தபோதும் என் கால்கள் தானாகச் சேர்ந்து நின்றன. அதற்காக என் கால்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. சந்தா கட்டிய ஓர் இனிப்புநீர் வியாதிக்காரர், டயட்டிஷியன் சாப்பாடுதானே என்று தன் மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, மயங்கி விழுந்து மேஜரின் கிளினிக்குக்கு வந்தாராம். மேஜர் என்னிடம் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

டினேஷ் அன்றைக்கே அதை 'முன்னாள் ராணுவச் சமையல்காரர்' என்று மாற்றினார். நான் அன்றைக்கே வேலையை விட்டு நின்றுவிட்டேன். மேஜர் போகும்போது சொன்னதில் எனக்குப் பின்பாதிதான் உறைத்தது. வீட்டுக்கு வந்து நான் அதை முழுசாகச் சொன்னபோது முன்பாதியைக் கவனித்தவள் சரோஜா:

"நீங்க நல்லா சமைப்பீங்கன்னு நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுவேன், கோப்ரல். நீங்க டயட்டிஷியன்னு சொல்ல முடியாது."

டெலிபோனில் ஆஜர்

தீபாவளிக்கு இரண்டு மாதத்துக்குக் கொஞ்சம் மேல் இருந்தது. சரோஜா வெளியே எடுத்த சேலையைத் துவைத்து, மடித்து, மறுபடியும் பேக்கில் வைத்துவிட்டாள். அந்த வாரம் மேஜர் போன் செய்தார். கிள்ளானில் அவர் வாரத்துக்கு இரண்டு நாள் போகும் முதியோர் இல்லத்தில் சமையல்காரர் ஓடிப்போய்விட்டாராம். இரண்டு மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம், வரமுடியுமா என்று கேட்டார். எனக்குள்ளே இருபது வருஷக் கணக்கு எழுந்து உட்கார்ந்தது. பட்டை கொடுக்காதவர், போஸ்டரில் கிடைத்த பட்டத்தையும் பிடுங்கியவர், இப்போது அவருக்குக் கீழேயே மறுபடியும் கஞ்சி காய்ச்ச வேண்டுமாம். "யோசிச்சுச் சொல்றேன் மேடம்" என்று சொல்ல வாயெடுத்தேன். இந்த ஒரு வாக்கியத்தை ஒரு மேஜரிடம் சொல்லத்தான் மனுஷன் சிவிலியன் ஆகிறான்.

சரோஜா போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"மேடம், நான் சரோஜா பேசறேன். திங்கக்கிழம காலையில கோப்ரல் அங்க நிப்பாரு. யோசிக்கற வேலையெல்லாம் இங்க நான் பாத்துக்கறேன்."

சின்னத்துரையின் மூத்த மகள்

இல்லத்தில் சேர்ந்த முதல் வாரமே ஓர் ஆறுதல் கிடைத்தது: மேஜருக்கும் என் கதிதான். பட்டாளத்தில் எடை கூடிய சிப்பாயைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து சோறு இல்லை என்பார். அவனும் சல்யூட் வைத்துவிட்டுப் போவான். இங்கே சல்யூட் வைக்கப் பாதிப் பேரால் கை தூக்க முடியாது, தூக்க முடிந்தவர்களுக்கு மனசில்லை. காவலாளியைக் கையில் போட்டுக்கொண்டு எதிர்க்கடையிலிருந்து ரொட்டி சானாய் தாப்பாவ், பொட்டலமாகக் கட்டி வாங்கி, தலையணைக்குக் கீழே வைத்துச் சாப்பிட்டார்கள்.

அதில் முதல் குற்றவாளி அருளானந்தம் அங்கிள். ரயில்வேயில் இருந்தவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். மேஜர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, வார்டில் பேசுகிற அதே குரலில், "இனிமே ரொட்டி சானாய் கிடையாது. இது ஆர்டர்" என்றார். நான் குசினிக் கதவிடுக்கில் நின்று ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிள் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டார். மேஜர் அந்தக் கேள்விக்குத் தயாராக இல்லை. அப்பா பெயரைச் சொல்லிவிட்டார். அதோடு முடிந்தது. சனிக்கிழமை தவறாமல் பாசாரில் அங்கிள் மேஜரின் அப்பாவுக்கு ஆட்டு ஈரல் வாங்கிக்கொடுத்தது, அப்பா அதை வீட்டுக்குத் தெரியாமல் கடையில் பொரித்துச் சாப்பிட்டது, சின்ன வயதில் மேஜரும் கூடப்போய்ப் பங்கு கேட்டு அழுதது, எல்லாம் வெளியே வந்தது. பக்கத்து நாற்காலிக்காரர்கள் தள்ளி வந்து உட்கார்ந்து கேட்டார்கள். கடைசியில் அவர் மேஜரின் தலையில் கைவைத்துச் சொன்னார்:

"மேஜர் எல்லாம் கேம்ப்ல, தவம். இங்க நீ சின்னத்துரையோட மூத்த மகள். ஒரு ரொட்டியில பாதி தின்னட்டே?"

கை தூக்கினார்கள்

இல்லத்தை நடத்துகிறவர் ஓய்வு பெற்ற நர்ஸ். எல்லோரும் மேட்ரன் என்று கூப்பிடுவார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் என் இரண்டு மாதமும் முடிந்தது. நான் என்ன நிலையில் இருந்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன்: அங்கே ஒருவருக்கும் என் சமையல் பிடிக்கவில்லை. குறிப்பாகக் காமாட்சி ஆன்டிக்கு. செலாயாங்கில் தையல் கடை வைத்திருந்தவர், வயது எண்பதுக்கு மேல், நாக்கு இன்னும் கத்தரிக்கோல்தான். தினமும் தட்டைத் தள்ளிவைத்து ஒரு தீர்ப்புச் சொல்லுவார். பூசணிக்காய் துவைக்கிற சோப்பு மாதிரி இருக்கிறது என்பார். மற்ற வேலையாட்கள் எல்லாம் ஓடிவந்து, "ஆ காட்டுங்க ஆன்டி, ஒரு வாய், குட் கேர்ள்" என்று கொஞ்சுவார்கள். எனக்குக் கொஞ்ச வராது. பட்டாளத்தில் அதற்குப் பயிற்சி கிடையாது. நான் கரண்டியோடு வெளியே வந்து, "செவ்வாய்க்கிழம இதே பூசணிக்காய நீங்க ரெண்டாவது தடவ கேட்டு வாங்குனீங்க, அப்ப சோப்பு வாசன வரலையா?" என்பேன். அவர் ஒன்று சொல்லுவார், நான் இரண்டு சொல்லுவேன். மேஜர் இரண்டு தடவை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கோப்ரல், வயசானவங்க, விட்டுடுங்க" என்றார். நான் விடவில்லை. நான் எதையும் விடுகிறவன் இல்லை.

அன்றைக்குப் பகல் சாப்பாடு முடிந்ததும் மேட்ரன் எல்லோரையும் மேசையிலேயே உட்காரச் சொன்னார். நானும் மேஜரும் சுவர் ஓரமாக நின்றோம். காலையில் கிளம்பும்போது சரோஜா மகளுக்குப் போன் போட்டு, அம்பாங் வீட்டில் பின்னறை காலியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள், நான் செருப்பு மாட்டும்வரை காத்திருந்து கேட்டாள்.

"ஒளிவுமறைவு வேணாம்" என்றார் மேட்ரன். "சாப்பாடு நல்லா இல்லைங்கறவங்க கையத் தூக்குங்க."

எல்லாக் கையும் மேலே போனது. ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்துபோன அங்கிள் இடது கையால் அதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். மேஜர் தரையைப் பார்த்தார். நான் ஏப்ரனின் முடிச்சைத் தேடினேன்.

"அப்ப வேற ஆள் பாத்துடவா? பாக்கலாம்கறவங்க தூக்குங்க."

ஒரு கையும் எழும்பவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அருளானந்தம் அங்கிள் மட்டும் பக்கத்தில் இருந்த காமாட்சி ஆன்டியை முழங்கையால் இடித்து, "நீ சொல்லு" என்றார். ஆன்டி என் பக்கம் திரும்பக்கூட இல்லை, மேட்ரனைப் பார்த்தே சொன்னார்:

"சோறு சகிக்கல, அத நாளைக்கும் சொல்லுவேன். ஆனா இந்த வீட்டுல எல்லாரும் என்னப் புள்ள மாதிரி கொஞ்சறாங்கம்மா, திட்டுனா சிரிக்கறாங்க. இந்தாளு ஒருத்தருதான், போன வாரம் நான் சொன்னத ஞாபகம் வச்சுக்கிட்டு இந்த வாரம் சண்டைக்கு வர்றாரு. நான் பெத்ததுங்களுக்கு நான் இங்க இருக்கறதே ஞாபகம் இல்ல. இவர அனுப்பிட்டா நான் யார்கூட பேசறது?"

ஆக, வேலை நிரந்தரம், சரோஜாவும் பிரிக்பீல்ட்ஸில்தான். உடுப்பைக் கழற்றப்போகும் அன்பர்களே, தொப்பியையும் பூட்ஸையும் ஸ்டோரில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், மனசில் வைத்திருக்கிற பழைய கோபத்தை மட்டும் பத்திரமாகக் கொண்டுவாருங்கள், வெளியே அதற்குத்தான் காலியிடம் இருக்கிறது.